மலை தாண்டிய பெயர்கள்

மனிதன் ஒவ்வொருவனுக்கும் பெயர் இரண்டு உண்டு. ஒன்று பெற்றோர் இட்டது. மற்றொன்று ஊரார் இட்டது. பெற்றோர் இட்ட பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் இரயில் பயணச்சீட்டிலும் இருக்கும். ஊரார் இட்ட பெயரோ எந்த ஏட்டிலும் இராது; ஆயினும் நாள்தோறும் காதில் விழுவது அதுவே. பிறந்த ஊரிலேயே வாழ்பவனுக்கு இது பெரிய தொல்லையன்று. பிழைப்பை நாடி மலை தாண்டி வந்த நம்போன்றோர்க்கு இது சிந்திக்க வேண்டிய பொருள். ஏனெனில், நமக்கு இங்கே கிடைக்கும் இரண்டாவது பெயர் பெரும்பாலும் நம் ஒருவரைக் குறிப்பதன்று. நம் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சீட்டு ஒட்டுவது.

இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் எனக்குப் பெயர் எழுதுவதே நாளெல்லாம் தொழில். முன்பதிவுப் படிவத்தில் பெயருக்கு உரிய கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுந்த எண்ணங்கள் சிலவற்றை நம் சங்க அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

பட்டப்பெயரும் பழிப்பெயரும்

பட்டப்பெயர் வைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துப் பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் எனப் பெயர்களை வகுத்துச் சொல்கின்றார். உறுப்பைக் கொண்டு ஒருவனை முடவன் என்பது சினைப்பெயர். அதனோடு அவன் பெயரையும் சேர்த்து முடக்கொற்றன் என்பது சினைமுதற்பெயர். தெருவில் இன்று நாம் கேட்கும் அழைப்பு முறைகளுக்கு அன்றே இலக்கணம் வகுத்து விட்டனர் என்றே கொள்ளலாம்.

பெருமை தரும் பட்டப்பெயர்களும் உண்டு. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் பாட்டில் அமைந்த அழகிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் முன்னோர் வழங்கினர். பெற்றோர் இட்ட பெயர் மறைந்த பின்னும், படித்தோர் இட்ட பெயர் இன்றுவரை வாழ்கின்றது.

நாம் பட்டப்பெயர் என்பதை மலையாள நாட்டார் இரட்டப்பேர் என்றும் வட்டப்பேர் என்றும் சொல்வர். இங்கும் அதற்குக் குறைவில்லை. எர்ணாகுளத்தில் புத்தகக்கடை நடத்தியவரும் மலையாள எழுத்துலகில் தனியிடம் பெற்றவருமான வைக்கம் முகம்மது பஷீரின் கதைகளில் ஆனவாரி ராமன் நாயர், பொன்குரிசு தோமா, எட்டுகாலி மம்மூஞ்ஞு எனப் பட்டப்பெயராலேயே உலவும் மாந்தர் பலர். அவர்கள் திருடரும் போக்கிரிகளுமே ஆயினும், அப்பெயர்களில் ஊராரின் உறவு கலந்திருக்கின்றது. ஓர் ஊர் தன் பிள்ளையைத் தானே கேலி செய்வது அது.

எனவே பட்டப்பெயர் எல்லாம் தீது என்று நான் கூற வரவில்லை. ஒருவனை அறிந்து இடுவது பட்டப்பெயர். அறியாமலே இடுவது பழிப்பெயர். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மேலே சொல்லப் போவன எளிதில் விளங்கும்.

கொச்சியில் வழங்கும் சொற்கள்

மட்டாஞ்சேரி பல மொழியினரும் பல சமயத்தினரும் நூற்றாண்டுகளாக அருகருகே வாழும் ஊர். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர், யூதர் என எத்தனையோ கூட்டத்தார் இங்கு வந்து தங்கினர். அடுத்துள்ள கொச்சிக் கோட்டையின் வெளி என்னும் பகுதியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஒல்லாந்தர் தம் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்கின்றனர். துறைமுகத்தையொட்டிய வாத்துருத்தியில் கூலி வேலை செய்யும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த நம் காக்கநாட்டிலோ கட்டட வேலை முதல் கணிப்பொறி வேலை வரை எல்லாவற்றிலும் நம்மவர் உளர். இவ்வளவு பேரையும் குறிக்க ஊரார் வழங்கும் சொற்களோ மிகச் சில.

முதலாவது பாண்டி என்பது. திருவிதாங்கூருக்குக் கிழக்கே பாண்டிய நாடு. அங்கிருந்து வருபவன் பாண்டிக்காரன். தொடக்கத்தில் இது திசையைக் குறித்த சொல்லே. பின்னர் எந்த மாவட்டத்துத் தமிழனும் பாண்டி ஆனான். தமிழ்நாட்டு எண் கொண்ட லாரியும் பாண்டிலாரி ஆயிற்று. இன்று அச்சொல்லில் ஏளனம் ஏறியிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயின், அதே ஒலிக்கு இந்நாட்டில் வேறொரு மதிப்பும் உண்டு. திருச்சூர்ப் பூரத்தன்று வடக்குந்நாதன் கோயிலில் செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் ஆகியவற்றோடு இருநூறுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழக்கும் இலஞ்சித்தற மேளம், பாண்டிமேளம் என்னும் வகையைச் சேர்ந்ததே. பாண்டி என்று ஏளனம் செய்யும் அதே நாட்டார் பாண்டிமேளம் கேட்க வெயிலில் நெருக்கியடித்து நின்று கைகளை உயர்த்தி மகிழ்கின்றனர்.

இரண்டாவது அண்ணாச்சி. நெல்லைச் சீமையில் இது மூத்தோரை மதித்து அழைக்கும் சொல். கடைக்காரரை அண்ணாச்சி என்றால் அவர் மனம் குளிரும். மலைக்கு இப்பால் அது தமிழ் வணிகன், தள்ளுவண்டிக்காரன், பழைய இரும்பு வாங்குபவன் ஆகிய எவனுக்கும் பொதுப்பெயர். அவ்வாறே தம் பெண்டிரைச் சேச்சி என்போர் நம் பெண்டிரை அக்கா என்பர். சொல்லில் குற்றமில்லை, சொல்லும் குரலில்தான் சில வேளை குற்றம் இருக்கும்.

மூன்றாவது பட்டர். தமிழ்நாட்டுக் கோயில்களில் பூசை செய்யும் பெரியோர்க்கு அது மரியாதைப் பெயர். பாலக்காட்டு வழியே வந்து குடியேறிய தமிழ்ப் பிராமணரைக் குறித்து இங்கு வழங்கிய போது அதில் கேலியும் கலந்தது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். சொல் அதுவே, மலை தாண்டியதும் அதன் மதிப்பு மாறுகின்றது. எதிர்த்திசையிலும் இதுவே நடக்கின்றது. சேட்டன் என்பது மலையாளத்தில் மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் அன்புச் சொல். நம் ஊர்த் தேநீர்க் கடையில் அதே சொல்லை நம்மவர் எத்தனை விதமாக இழுத்துச் சொல்லிச் சிரிக்கின்றனர் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெயரும் இருக்கையும்

பெயர் வெறும் ஒலிதானே, அதனால் என்ன கேடு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு மட்டாஞ்சேரி யூதர் வரலாறே தக்க விடை.

மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு எழுந்த யூத தேவாலயத்துக்குப் பரதேசி சினகாக் என்று பெயர். பரதேசி என்றால் பிற தேசத்தார் என்பதே பொருள். நம் வழக்கில் போல் இரந்துண்பவர் என்பதன்று. பிற்காலத்தில் வந்து குடியேறியவர் பரதேசி யூதர் எனவும் வெள்ளை யூதர் எனவும் பெயர் பெற்றனர். நெடுங்காலமாக இங்கேயே வாழ்ந்தவர் மலபார் யூதர் எனவும் கறுப்பு யூதர் எனவும் பெயர் பெற்றனர். இவர்களன்றி, அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தோர்க்கு எபிரேய மொழியில் மெஷுஹ்ராரிம் என்றொரு பெயர் இருந்தது. விடுதலை பெற்றோர் என்பது அதன் பொருள். பொருளளவில் அது நல்ல சொல். ஆனால் அச்சொல்லைச் சுமந்தவர்க்குப் பரதேசி தேவாலயத்தில் மற்றவரோடு சமமாக அமரும் உரிமை இல்லை. அடிமைத்தனம் அகன்ற பிறகும், விடுதலை பெற்றவன் என்னும் பெயரே அவன் அடிமையாயிருந்ததை நாள்தோறும் நினைவூட்டிற்று.

அக்குடியில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். வழக்கறிஞராகவும் கொச்சிச் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கிய அவர், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றித் தேவாலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். நாளடைவில் அந்த வேறுபாடு தளர்ந்தது. ஊரார் அவருக்கு இட்ட பெயர் யூத காந்தி. பிறப்பால் வந்த பெயரை எதிர்த்துப் போராடியவர் உழைப்பால் வந்த பெயரோடு 1967-இல் மறைந்தார். பெயர் இருக்கையைப் பறிக்கும் என்பதற்கும், மனிதன் முயன்றால் பெயரை மாற்றலாம் என்பதற்கும் இதனினும் வேறு சான்று வேண்டா.

கடல் கடந்த தமிழர்

நம்மினும் தொலைவு சென்ற தமிழரின் நிலையையும் காண்போம். மலேயாவில் தமிழர்க்குக் கிளிங் என்றும் கெலிங் என்றும் பெயர் வந்தது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரே அதன் மூலம் என்பர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்னும் பெருமைமிக்க கட்டடம் இன்றும் அப்பெயரோடு நிற்கின்றது. எனினும் நாளடைவில் அச்சொல் வசைச்சொல் ஆயிற்று. சிங்கப்பூரில் கிளிங் தெரு என்றிருந்த பெயரை நீக்கிச் சூலியா தெரு என மாற்றினர்.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரைக் கள்ளத்தோணி என்றனர். முறையாக அழைத்துச் செல்லப்பட்டு அந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவரின் வழித்தோன்றல்களுக்கும் இப்பெயர் வந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இதனினும் வருந்தத்தக்கது, தோட்டக்காட்டான் என்னும் இழிசொல் தமிழர் வாயிலிருந்தே தமிழர்மேல் வந்ததாகும். அம்மக்கள் பின்னர் மலையகத் தமிழர் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு அப்பெயரோடு நிமிர்ந்து நிற்கின்றனர்.

பம்பாயில் தென்னாட்டார் யாவரும் மதராஸி. சென்னை இராச்சியம் 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. வடக்கே இருப்போர் நாவில் அப்பழைய பெயர் இன்னும் நீங்கவில்லை. அவர்கள் கணக்கில் மலையாளியும் மதராஸியே. நம்மைப் பாண்டி என்போரும் நாமும் பம்பாய் இரயிலடியில் இறங்கியதும் ஒரே பெயர் பெறுகின்றோம்.

நகைப்புக்கு இடமான செய்தி ஒன்றையும் சொல்லி விடுகின்றேன். இந்துமாக் கடலில் உள்ள ரீயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவில் தமிழ் வழிவந்தோரை மல்பார் என்கின்றனர். அவர்களும் அதைத் தம் பெயராகவே ஏற்றுள்ளனர். ஐரோப்பியர் தமிழ் மொழியையே மலபார் மொழி என்று குறித்த காலம் ஒன்று இருந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலின் போர்த்துகீசியத் தலைப்பிலும் மலபார் என்ற சொல் உண்டு. மறு ஆண்டு, 1579-இல், இதே கொச்சியில் மற்றொரு தமிழ் நூல் அச்சாயிற்று என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கடலுக்கு அப்பால் தமிழன் மலபாரி. மலபாரில் தமிழன் பாண்டி. இவ்வாறிருக்க, பெயரிடுவோரின் துல்லியத்தை நாம் எவ்வளவு மதிப்பது?

கூலி என்னும் சொல்

என் தொழிலோடு ஒட்டிய சொல் ஒன்று உண்டு. உழைப்புக்குப் பெறும் ஊதியத்தை நாம் கூலி என்கின்றோம். ஆங்கிலத்தில் கூலி என்னும் சொல் இதிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார்; குஜராத்துக் கோலி இனத்தவர் பெயரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். எப்படியாயினும், ஊதியத்தைக் குறிக்கும் ஒலி மனிதனைக் குறிக்கும் வசையாயிற்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-இல் டுரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தத் தொழிலாளரை நேட்டால் கரையில் இறக்கியது. அதன்பின் அந்நாட்டில் இந்தியர் எல்லாரும் கூலிகள் ஆயினர். 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகளையும் கூலி பாரிஸ்டர் என்றே அழைத்தனர். தமிழர் பெயர்கள் பல சாமி என்று முடிவதால் இந்தியரைச் சாமி என்றும் வெள்ளையர் அழைத்தனராம். சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உனக்கு எசமானன் அல்லேன் என்று துணிவுள்ள சிலர் திருப்பிச் சொன்னதையும், அது கேட்டு வெள்ளையர் சிலர் சினமுற்றதையும் காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார்.

நம் இரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டை அணிந்து சுமை தூக்கும் தொழிலாளரையும் கூலி என்றே வழங்கி வந்தனர். 2016-ஆம் ஆண்டு இரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் அவர்கள் இனிச் சகாயக், அதாவது உதவியாளர், என அழைக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. ஏட்டில் பெயர் மாறிற்று. மேடையில் பயணிகள் குரல் மாறவில்லை. ஆயினும் அந்த மாற்றம் பயனற்றது என்று கூற மாட்டேன். ஏட்டில் நல்ல பெயர் இருந்தால்தான் அதைக் காட்டி ஒருவன் மரியாதை கேட்க முடியும்.

அண்மையில் இரு மாநில அரசுகளும் இவ்வழியில் நடந்துள்ளன. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில், பட்டியல் இனத்தார் வாழும் பகுதிகளைக் காலனி என்று குறிக்கலாகாது, நகர் முதலிய பெயர்களே வேண்டும் என அமைச்சராயிருந்த கே. இராதாகிருஷ்ணன் ஆணை பிறப்பித்தார். 2025-இல் தமிழ்நாட்டிலும் காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். காலனிப் பையன் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

பாண்டி என்றொரு பிள்ளை

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். காக்கநாட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மதுரைப் பக்கத்தினர். பல்லாண்டு பிள்ளையில்லாமல் இருந்து, மேலமடைப் பாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்குப் பாண்டி என்றே பெயரிட்டனர். எம் மதுரையில் இப்பெயர் தெருவுக்கு நால்வருக்கு இருக்கும். இங்குள்ள பள்ளி ஒன்றில் அவனைச் சேர்த்தனர். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது அவன் பெயர் வந்ததும் வகுப்பு முழுதும் சிரித்தது. ஒரு நாள் அன்று, ஒவ்வொரு நாளும். பிள்ளை, உள்ளேன் என்று சொல்வதையே நிறுத்தி விட்டான். பதிவேட்டில் அவன் வராத நாள்கள் மிகுந்தன. அவனோ வகுப்பில் வாய் மூடி அமர்ந்திருந்தான்.

படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று அவன் தந்தையார் என்னிடம் வந்தார். அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்ற வேண்டும் என்றார். தாயாரோ, "சாமி குடுத்த பேரு, அதை மாத்த நாம யாரு?" என்று கண் கலங்கினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பிறகு பெயரை மாற்றுவது எளிதன்று. ஆகவே காலம் கடத்தவும் இயலாது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. "பிள்ளை வளர்ந்து தானே சொல்லட்டும், அதற்கு இன்னும் ஈராண்டு உண்டு. அதுவரை வகுப்பாசிரியரை ஒருமுறை நேரிற் கண்டு பேசுங்கள்" என்றேன். தந்தையார் பேசினார். அதன்பின் ஆசிரியர் பெயரைப் படிக்குமுன் வகுப்பை ஒரு பார்வை பார்க்கின்றாராம். சிரிப்புக் குறைந்துள்ளது, நிற்கவில்லை. பிள்ளை இப்போது தாழ்ந்த குரலில் விடை சொல்கின்றான். படிவம் என் மேசை இழுப்பறையில் நிரப்பப்படாமலே கிடக்கின்றது.

நம் நாக்கு

அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாழ்கின்றது. அவ்வீட்டுச் சிறுவனை நம் பாண்டியும் அவன் தோழர்களும் "பெங்காளி, பெங்காளி" என்று கூவி விரட்டுவதை நான் கண்டிருக்கின்றேன். அஸ்ஸாம், பீகார், ஒடிசா என எங்கிருந்து வந்தாலும் கேரளத்தில் அவர்கள் யாவரும் பெங்காளி என்றே அழைக்கப்படுகின்றனர். நேற்று நாம் சுமந்ததை இன்று அவர்கள் சுமக்கின்றனர். கேரள அரசு அவர்களை அதிதித் தொழிலாளர், அதாவது விருந்தினர், என்று குறிக்கின்றது. தெரு அவ்வாறு குறிப்பதில்லை. தமிழ்நாட்டிலோ வடக்கன் என்னும் சொல் அதே வேலையைச் செய்கின்றது.

பெங்காளி என்பது தமிழன் செவியில் பங்காளி என்று விழும். பங்காளி யார்? பாட்டன் சொத்தில் நம்மோடு பங்கு உடையவன். இந்நகரின் மேம்பாலங்களிலும் மாடிக் கட்டடங்களிலும் நம் வியர்வைக்குப் பக்கத்தில் அவர்கள் வியர்வையும் உள்ளது. அந்தப் பொருளில் சொல்வதாயின் அச்சொல் தக்கதே.

செய்யத்தக்கவை

நம் இல்லங்களில் மூன்று வழக்கங்களை மேற்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

முதலாவது, நம் பிள்ளைகளின் பெயர்க் காரணத்தை அவர்களுக்குச் சொல்லி வைப்போம். குலதெய்வத்தின் பெயரா, பாட்டனார் பெயரா, எந்த ஊர் வழக்கு என்பதை அறிந்த பிள்ளை, ஏளனத்தைக் கேட்டுத் தலை குனியாது விடை சொல்லும்.

இரண்டாவது, அண்டை வீட்டார் எந்த நாட்டினராயினும் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பெயர் தெரிந்தவனை இனப்பெயரால் அழைக்க நா எழாது. முன்பதிவுச் சாளரத்தில், எழுத்தறியாத தொழிலாளர் ஒருவரின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிப் படித்துக் காட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

மூன்றாவது, நம்மை இழித்துரைப்போரிடம் சண்டைக்கு நிற்க வேண்டா. வாய் மூடிப் போகவும் வேண்டா. "என் பெயர் இது, இவ்வாறு அழையுங்கள்" என்று மலையாளத்திலேயே அமைதியாகச் சொல்லலாம். இந்நாட்டில் நல்லோர் மிகுதி. சொன்னால் கேட்டுத் திருத்திக்கொள்வோரே பலர்.

வரும் ஆண்டுவிழாவில் நம் சங்கம் குழந்தைகளுக்குப் போட்டிகள் நடத்தும்போது, "என் பெயர்" என்னும் தலைப்பில் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நிமிடம் பேச வாய்ப்பளிக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கின்றேன். அடுத்த வரிசைப் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்கள் தம் மொழியிலேயே பேசட்டும். பாண்டியின் தந்தையாரிடம் இதைச் சொல்லியிருக்கின்றேன். பிள்ளையைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியுள்ளார்.